லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்: தீவில் இறந்தது இரண்டு பேரா, மூன்று பேரா?

3 ஆகஸ்ட் 2024, இரவு

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு. அந்தத் தீவில் எத்தனை சிறுவர்கள் சாகிறார்கள்?

இளங்கலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு அது பாடம். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சைமன், பிக்கி, ஆக இரண்டு என்று ஒரே குரலில் பதில் வந்தது. கதையின் தலைவன் ரால்ஃபும் தங்களை மீட்க வந்த கடற்படை அதிகாரியிடம் இரண்டு என்றுதான் சொல்கிறான்.

மூன்று. குறைந்தது மூன்று. இரண்டாம் அத்தியாயத்தில், முகத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பு மச்சத்தோடு ஒரு பொடியன் வருகிறான். ஆறு வயது இருக்கும். காட்டில் பாம்பு போல ஒன்றைப் பார்த்ததாகச் சொல்கிறான். அப்படி எதுவும் இல்லை என்று பெரிய பையன்கள் அவன் வாயை அடைக்கிறார்கள். அன்றே மலை உச்சியில் அவர்கள் மூட்டிய தீ கட்டு மீறிக் காட்டுக்குள் இறங்குகிறது. அதன் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

'மனிதனுக்குள் உறையும் தீமை' என்று எழுதினால் பத்துக்கு எட்டு கிடைக்கும் என்பது எங்கள் வகுப்பு அறிந்த ரகசியம். எனக்கு அந்தப் பதிலில் ருசி இல்லை. பன்றியைக் கொன்றது, சைமனைக் கொன்றது எல்லாம் பிறகு வருபவை. இந்தத் தீவின் முதல் குற்றம் தலை எண்ணாமல் விட்டது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 ஆகஸ்ட் 2024

படிக்காதவர்களுக்குக் கதை: போர்க்காலம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன விமானம் சுடப்பட்டு, ஆளில்லாத வெப்பமண்டலத் தீவு ஒன்றில் விழுகிறது. பெரியவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை, எல்லாம் பையன்கள், எல்லாம் ஆங்கிலேயர்கள். ரால்ஃப் ஒரு சங்கை ஊதிக் கூட்டம் சேர்க்கிறான், தலைவனாகிறான். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவன் ஜாக் வேட்டைக்குப் போகிறான். குழு பிரிகிறது, முகத்தில் சாயம் பூசிக்கொள்கிறார்கள், கொலை விழுகிறது. இவ்வளவு போதும்.

5 ஆகஸ்ட் 2024

பின்னூட்டத்தில் ஓர் அண்ணன் நல்ல குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார். அதிகாரி கேட்டது 'கொல்லப்பட்டவர்கள்' பற்றி, தீயில் சிக்கியது விபத்து, ஆகவே ரால்ஃப் சொன்ன இரண்டு சரிதான் என்கிறார். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது.

அண்ணா, அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். யாரும் கொல்லப்படவில்லையே என்று கேட்ட கையோடு, பிணங்கள் ஏதாவது உண்டா என்றும் அதிகாரி கேட்கிறார். ரால்ஃபின் பதில் அதற்குப் பிறகு வருகிறது: இரண்டுதான், அவையும் போய்விட்டன. கடல் இழுத்துக்கொண்டு போன இரண்டு உடல்கள் அவன் நினைவில் இருக்கின்றன. மச்சக்காரப் பையனின் உடலை யாரும் பார்க்கவே இல்லை, தேடவும் இல்லை. ரால்ஃபின் மனத்தில் அவன் செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. காணாமல் போனவன் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலாவது அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். ரால்ஃப் தலையை ஆட்டுகிறான், தெரியாது என்று. அவருக்கு நம்ப முடியவில்லை, திரும்பக் கேட்கிறார். 'இல்லை சார்' என்கிறான். பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட ஒழுங்காகச் சமாளித்திருக்க வேண்டாமா என்ற அந்தப் புகழ்பெற்ற கண்டிப்பு அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. காலனிய அகந்தை, நாகரிகத்தின் போலித்தனம் என்று அந்த வரியை வைத்து எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. நியாயம்தான். ஆனால் அவரை அந்த நேரத்தில் முகம் சுளிக்க வைத்தது, கூட்டத்தின் எண்ணிக்கை தெரியாத ஒரு தலைவன்.

5 ஆகஸ்ட் 2024, பின்னிரவு

அந்தப் பக்கத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கேள்விக்கும் நடுவில் பெர்சிவல் வருகிறான். முன்பு ஒரு கூட்டத்தில் தன் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் மந்திரம் போல ஒப்பித்த பொடியன். வீட்டில் அப்படிச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதிகாரியைப் பார்த்ததும் அதையே சொல்லப் போய், 'நான், நான்' என்பதைத் தாண்டி வரவில்லை. மறந்துவிட்டது.

செத்தவர் கணக்கு தவறு, ஒருவனுக்குத் தன் பெயரே வரவில்லை, மொத்தக் கணக்கு இல்லை. மூன்றும் ஒரே பக்கத்தில். தற்செயல் என்று சொல்பவர்கள் நாவலாசிரியர்களைப் பற்றி மிகவும் நல்லெண்ணம் கொண்டவர்கள்.

6 ஆகஸ்ட் 2024

'பெரியவர்கள் இல்லாத பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அறிய நாவல் எதற்கு, ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்தால் போதாதா' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதும், ஆனால் அங்கே நடப்பது வேறு.

நம் பள்ளிகளில் ஆசிரியர் வெளியே போனதும் என்ன நடக்கும்? வகுப்புத் தலைவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவான். பெயர்கள் இறங்கும். பேச்சு தொடர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இரண்டு குறி. அவனுடைய நண்பர்கள் பேசினால் சுண்ணாம்பு உடைந்துவிடும். எனக்கு ஏழாம் வகுப்பில் நான்கு பெருக்கல் குறி விழுந்தது. நான் பேசியதெல்லாம் என் பெயரை அழிக்கச் சொல்லித்தான்.

ஜாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்பீஸ்தான் ஞாபகம். அவன் தீவில் நுழையும் காட்சியே அப்படி. கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, வெயிலில் இரண்டு வரிசையாக நடந்து வரும் குழு, உட்காரக்கூட அவனிடம் அனுமதி. தலைவர் பதவிக்கு அவன் சொல்லும் தகுதி, தான் பாடகர் குழுவின் மூத்தவன், உச்ச சுருதியில் பாடத் தெரிந்தவன் என்பது. ஆளில்லாத தீவில் எதற்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை. 'பெரியவர்கள் இல்லாத உலகம்' என்று இதைச் சொல்வதே எனக்கு உறுத்துகிறது. விமானத்தில் பெரியவர்கள் செத்தார்கள், அவர்கள் போட்ட வரிசை செத்ததா?

ஆனாலும் கவனியுங்கள், கரும்பலகையில் தவறு செய்தவன் பெயர் இருக்கும். வராதவன் பெயர் இருக்காது. வராதவனை விசாரிக்கும் வேலையை எந்த வகுப்புத் தலைவனும் விரும்பி எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

9 ஆகஸ்ட் 2024

இல்லை, ஒருவன் எடுத்துக்கொண்டான். பிக்கி.

முதல் அத்தியாயத்திலேயே பெயர்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வது அவன்தான். சங்கு ஊதியதும் வந்த பொடியன்களிடம் குனிந்து குனிந்து பெயர் கேட்பவனும் அவன்தான். தீ பரவியதும் மலை உச்சியில் மூச்சிரைத்துக்கொண்டு, மச்சக்காரப் பையனைக் காணோமே, எங்கே அவன் என்று கத்துபவனும் அவனே. எண்ணிக்கை எடுக்க முடியாததற்கு அவன் சொல்லும் காரணம், பொடியன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், பெரிய பையன்களில் யாரும் உதவிக்கு வரவில்லை என்பது. அந்தப் புலம்பலைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரிடமும் கேட்கலாம்.

அப்படிப்பட்டவனுக்கு நாவலில் சொந்தப் பெயர் இல்லை. 'பிக்கி' என்பது பள்ளியில் வைத்த பட்டப்பெயர். அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று ரால்ஃபிடம் கெஞ்சுகிறான், ரால்ஃப் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறான். இதற்கும் முன்னால், முதல் சந்திப்பில், பிக்கி ரால்ஃபின் பெயரைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு அவன் தன் பெயரைக் கேட்பான் என்று காத்திருக்கிறான். அவன் கேட்கவில்லை. கடைசி வரை யாரும் கேட்கவில்லை. ரால்ஃப் அழும்போதுகூட அந்தப் பட்டப்பெயருக்காகத்தான் அழுகிறான்.

10 ஆகஸ்ட் 2024

பிக்கியின் கண்ணாடியைப் பற்றி மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார்கள். தீவில் அந்தக் கண்ணாடியை வைத்துத்தான் தீ மூட்டுகிறார்கள். ஆமாம், அவனுக்குக் கிட்டப்பார்வை. கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு. குழிலென்சு ஒளியை விரிக்கும், அதை வைத்து நெருப்பு மூட்ட முடியாது, குவிலென்சு வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் எழுதிய எல்லோரும் கோல்டிங்கை இந்த இடத்தில் பிடித்துவிடலாம். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு ஆண்டு அறிவியல் படித்துவிட்டு இலக்கியத்துக்கு மாறியவர் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. என் அண்ணன் இயற்பியல் படிக்கிறான். இதைச் சொன்னதிலிருந்து என் பாடப்புத்தகங்களில் வேறு தவறுகள் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

14 ஆகஸ்ட் 2024

எதிர்பார்த்தது வந்துவிட்டது: 'உண்மையில் நடந்த கதை நேர்மாறு, டோங்கா பையன்களைப் பற்றித் தெரியாதா?'

தெரியும். தெரியாதவர்களுக்காக. 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நுக்குஅலோஃபாவில் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்த ஆறு பையன்கள், பள்ளி அலுத்துப்போய், யாரோ ஒருவருடைய படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனார்கள். புயலில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் மிதந்து அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஏறக்குறைய பதினைந்து மாதம் அங்கே இருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக முறை வைத்துத் தோட்டம், சமையல், காவல் பார்த்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. குடைந்த மரத்தில் மழைநீர் பிடித்தார்கள். சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சூடு ஆறிய பிறகு திரும்புவார்கள். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மற்றவர்கள் குச்சியும் இலையும் வைத்துக் கட்டினார்கள், அவன் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள், கால் சேர்ந்துவிட்டது. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் அவர்களைக் கண்டார். ஆறு பேரும் உயிரோடு. 2020இல் டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் இதை எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

என் வாதத்துக்கு இதில் வேண்டியது ஒரு சிறு துண்டு. கரையிலிருந்து நீந்தி வந்த பையன் சொன்னதை வார்னர் நம்பவில்லை. வானொலியில் நுக்குஅலோஃபாவைக் கூப்பிட்டு, அவர்களுடைய பெயர்களைச் சொல்லிச் சரிபார்த்தார். சிறிது நேரத்தில் மறுமுனையில் இருந்தவர் அழுதுகொண்டே பேசினார். அந்தப் பிள்ளைகள் இறந்துவிட்டதாக முடிவு செய்து சடங்குகூட நடந்துவிட்டது என்றார்.

ஆறு பெயர். ஆறும் அங்கே இருந்தன.

15 ஆகஸ்ட் 2024

விடுமுறை. நேற்று எழுதியதில் எனக்கே பாதி ஒப்பவில்லை.

டோங்கா கதையை வைத்துக் கோல்டிங்கைத் தோற்கடித்துவிட்டதாகக் கொண்டாடுவது சரியில்லை. அந்த ஆறு பேர் படகில் ஏறும் முன்பே நண்பர்கள். பதின்வயதுப் பையன்கள், கடலும் மீனும் பழகியவர்கள். ஆறு வயதுக் குழந்தை யாரும் இல்லை. ஆறு பேரை எண்ணக் கூட்டம் போட வேண்டாம், திரும்பிப் பார்த்தாலே போதும். கோல்டிங்கின் தீவில் ஒருவரையொருவர் அறியாத ஒரு கூட்டம், அதிலும் நிறையப் பேர் பொடியன்கள்.

பெரியவர்கள் இல்லாத தீவு என்பதும் முழுக்க உண்மையில்லை. அட்டாவில் முன்பு மக்கள் வாழ்ந்தார்கள். 1863இல் அடிமை வணிகக் கப்பல் ஒன்று வந்து பலரைப் பிடித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். அவர்கள் விட்டுப்போன கோழியும் வாழையும் சேம்பும்தான் நூறு ஆண்டு கழித்து இந்தப் பையன்களுக்குச் சோறு போட்டன. உலகம் பகிர்ந்துகொண்ட 'நம்பிக்கை தரும் கதை'க்கு அடியில் காணாமல் போன ஓர் ஊரே இருக்கிறது. அதற்கு யாரும் பெயர்ப் பட்டியல் கேட்கவில்லை.

மீட்கப்பட்ட பையன்களை முதலில் சிறையில் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படகுத் திருட்டு. வார்னர்தான் உரிமையாளருக்குப் பணம் கொடுத்து மீட்டார். பதினைந்து மாதம் கழித்தும் படகைக் கணக்கில் வைத்திருந்தவர் அந்த உரிமையாளர் ஒருவர்!

20 ஆகஸ்ட் 2024

இந்த எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்ததிலிருந்து எல்லா மீட்புச் செய்தியிலும் அதைத்தான் தேடுகிறேன்.

தாய்லாந்து, தாம் லுவாங் குகை, 2018. பன்னிரண்டு சிறுவர்கள், இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர் ஒருவர். ஆக, பெரியவர் இல்லாத கதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜூன் 23 அன்று உள்ளே சிக்கியவர்களை ஜூலை 2 அன்று இரண்டு பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் கண்டார்கள். இருட்டில் விளக்கு படும்போது முக்குளிப்பாளர் கேட்கும் கேள்வி அந்தக் காணொளியில் இருக்கிறது: எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உள்ளேயிருந்து உடனே பதில் வருகிறது: பதின்மூன்று. அபாரம் என்கிறார் அவர்.

கடற்படை அதிகாரியின் கேள்வி, கிட்டத்தட்டச் சொல் மாறாமல். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணன் இருந்ததால் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

கொலம்பியா, 2023. மே 1 அன்று அமேசான் காட்டில் சிறு விமானம் விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் நான்கு உடன்பிறப்புகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டி ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவையும், காட்டில் எது தின்னலாம் என்று வீட்டில் கற்றதையும் வைத்து நாற்பது நாள் தாக்குப் பிடித்தார்கள். தேடிப் போன படையினர் முன்பே ஒரு குறிச்சொல் வைத்திருந்தார்கள். உயிரோடு கிடைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வானொலியில் ஒருமுறை 'அற்புதம்' என்று சொல்ல வேண்டும். ஜூன் 9 அன்று அந்தச் சொல் நான்கு முறை ஒலித்தது.

21 ஆகஸ்ட் 2024

'பார்த்தீர்களா, பெண் பிள்ளை இருந்தால் எண்ணியிருப்பாள்' என்று எழுதிய அக்காவுக்கு: அன்போடு மறுக்கிறேன். பேத்திகளில் மூத்தவள் நான். ஊர்க் கொடை என்றால் சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என் தலையில். ராட்டினம், பஞ்சு மிட்டாய், வேட்டு, எதையும் நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் வில்லுப்பாட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்பான். எண்ணுவது பெண் பிள்ளைகளின் பிறவிக் குணம் என்று நாமே பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் ஆயுசுக்கும் உட்கார்ந்தே இருப்பான்.

பாட்டி ஒரு விதி வைத்திருந்தாள். பிள்ளைகளை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது, கண் பட்டுவிடும். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சரிபார்ப்பேன். கொட்டுச் சத்தத்தில் தொண்டை கட்டிவிடும். ஒருமுறை கடைசிப் பெயருக்குப் பதில் வரவில்லை. அடுத்த கொஞ்ச நேரம் எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. அவன் சப்பரத்துக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

28 ஆகஸ்ட் 2024

நாவலை மறுபடி முழுவதும் படித்தேன். முதலில் எழுதிய வாதத்தைத் திருத்த வேண்டும். எண்ணாமல் விட்டது அலட்சியத்தால் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கோல்டிங் அதைவிடக் கொடியதைச் சொல்லியிருக்கிறார், ஒரு பத்திக்குள், குரலை உயர்த்தாமல்.

தீக்குப் பிறகு பொடியன்களை யாரும் எண்ணவே இல்லை என்கிறது அந்த இடம். காரணம் இரண்டு. ஒருவனையும் விடாமல் எண்ணி முடிக்க வழி இல்லை என்பது ஒன்று. மற்றொன்று, மலை உச்சியில் பிக்கி கேட்ட கேள்விகளில் ஒன்றுக்காவது ரால்ஃபுக்கு விடை தெரியும் என்பது. பிறகு பொடியன்களின் முகங்களை விவரிக்கிறார். சிவந்தவர்கள், கறுத்தவர்கள், புள்ளி விழுந்தவர்கள், எல்லோரும் அழுக்கு. எந்த முகத்திலும் பெரிய மச்சம் மட்டும் இல்லை. அந்த 'இல்லை' பயங்கரமாக இருக்கிறது என்கிறார். ரால்ஃப் பிக்கியைப் பார்த்துத் தலையசைக்கிறான், வாயால் சொல்ல முடியாததைத் தானும் மறக்கவில்லை என்பது போல.

ஆக, தெரியும். எண்ணினால் ஒன்று குறையும் என்று தெரியும். அதனால்தான் எண்ணவில்லை.

இப்போது பின்னால் நடப்பதையெல்லாம் திரும்பப் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. சைமனை அடித்துக் கொன்ற மறுநாள் காலை, ரால்ஃப் அது கொலை என்கிறான். பிக்கி, விபத்து என்கிறான், இருட்டு, மழை, அவன் ஏன் அப்படி ஊர்ந்து வந்தான் என்று அடுக்குகிறான். இரட்டையர்கள் தாங்கள் சீக்கிரமே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நால்வரும் அங்கே இருந்தவர்கள். முதல் சாவைப் பேசாமல் விட்டுப் பழகியவர்களுக்கு இரண்டாவதை எப்படிப் பேசாமல் விடுவது என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு கேட்ட பிக்கியே கணக்கை மூடச் சொல்கிறான். இதுதான் எனக்கு மிகவும் வலித்த இடம். அவனை நான் இதுவரை கொஞ்சம் வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

29 ஆகஸ்ட் 2024

'இரட்டையர்களை நீங்களே ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிறீர்கள்' என்று யாரோ கேலி செய்திருக்கிறார். சாம், எரிக் என்ற இரண்டு பேரை ஒட்டி 'சாமனெரிக்' என்று தீவில் ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்தால் என் கணக்கு இன்னும் பலப்படுகிறது. நன்றி.

8 செப்டம்பர் 2024

ரோஜரை எங்கே வைப்பாய் என்று ஒரு டீச்சர் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரோஜர் கடற்கரையில் விளையாடும் ஹென்றி என்ற பொடியனைச் சுற்றிக் கல் எறிகிறான். ஒன்றும் அவன் மேல் படாது. அவனைச் சுற்றி ஏறத்தாழ ஆறு கெஜ வட்டம், அதற்குள் எறிய ரோஜருக்குத் துணிவு வரவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம். பிறகு அதே ரோஜர்தான் பாறையை நெம்பித் தள்ளிப் பிக்கியைக் கொல்கிறான்.

டீச்சர், அவன் என் வாதத்துக்குள் அடங்கவில்லை. எத்தனை முறை தலை எண்ணியிருந்தாலும் ரோஜர் கல் எறிந்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: மச்சக்காரப் பையனுக்காக யாரும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதை ரோஜர் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் இது கொஞ்சம் இழுத்துக் கட்டியது போல இருக்கிறது. பத்துக்கு எட்டு வாங்கும் அந்தப் பழைய பதிலுக்கு ரோஜரை விட்டுக்கொடுக்கிறேன்.

17 செப்டம்பர் 2024

நாவல் வெளியாகி இன்றோடு எழுபது ஆண்டு. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியது. ஃபேபர் நிறுவனத்தில் முதலில் படித்தவர், மடத்தனமான கற்பனை, குப்பை, சலிப்பூட்டுகிறது என்ற தொனியில் குறிப்பு எழுதி நிராகரித்தார். சார்லஸ் மான்டீத் என்ற இளம் ஆசிரியர் அதைத் திரும்ப எடுத்துப் படித்து, அணுப்போரை விவரித்த தொடக்கப் பகுதியை வெட்டச் சொல்லிப் பதிப்பித்தார். அந்தத் தொடக்கம் இருந்திருந்தால் விமானத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்திருக்குமோ என்று எனக்கு நப்பாசை.

கோல்டிங் அப்போது சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியர். போரில் கடற்படையில் இருந்தவர், நார்மண்டித் தரையிறக்கத்தில் ராக்கெட் ஏவும் படகுக்குப் பொறுப்பாக இருந்தவர். தன் மாணவர்களை ஒரு பழைய மண்கோட்டைக்கு அழைத்துப் போய், இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்றைத் தாக்கவும் மற்றதைக் காக்கவும் விட்டு வேடிக்கை பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அங்கே ஒரு பெரியவர் இருந்தார் என்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்கிறேன். அன்று மாலை அவர் பையன்களை எண்ணித்தான் திருப்பிக் கூட்டிப் போயிருப்பார். ஆசிரியர்கள் அதை மறப்பதில்லை.

26 செப்டம்பர் 2024

உள்தேர்வில் இந்த நாவலிலிருந்து கேள்வி வந்தது. 'மனித இயல்பின் இருளைக் கோல்டிங் எவ்வாறு சித்திரிக்கிறார்?' ஒரு பக்கம் வழக்கமான பதில் எழுதினேன், மீதி மச்சக்காரப் பையனைப் பற்றி. ஆறு கிடைத்தது. வழக்கமான பக்கத்துக்கு ஐந்தும் அவனுக்கு ஒன்றும் என்று நானே பிரித்துக்கொண்டேன்.

3 நவம்பர் 2024

ஜூல் வெர்ன் எழுதிய 'இரண்டு ஆண்டு விடுமுறை'யைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். 1888இல் வந்தது. ஆக்லாந்து விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் கப்பலோடு அடித்துச் செல்லப்பட்டுத் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். கப்பலின் எடுபிடிப் பையனோடு சேர்த்துப் பதினைந்து பேர். எனக்காகவே எழுதியது போல, தொடக்கத்திலேயே வெர்ன் ஒவ்வொருவனையும் பெயர், வயது, குணம், அப்பா என்ன வேலை என்பது வரை வரிசையாகச் சொல்லிவிடுகிறார். பதிவேடு கச்சிதம். சந்தோஷத்தில் துள்ளினேன்.

பிறகு தேர்தல் வருகிறது. பிள்ளைகள் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எடுபிடிப் பையன் மோக்கோ கறுப்பினத்தவன், அதனால் அவனுக்கு வாக்கு இல்லை. அவனும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டு வெர்ன் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார். சமைப்பது, படகு ஓட்டுவது, ஆபத்தில் கூடப் போவது எல்லாம் மோக்கோ.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மூன்று மாதமாகப் பெயர் எழுது, ஆளை எண்ணு என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இங்கே அது ஒழுங்காக நடந்திருக்கிறது. கோல்டிங்கின் தீவில் சங்கு கையில் இருந்தால் எந்தப் பொடியனும் பேசலாம் என்ற விதியாவது இருந்தது. மச்சக்காரப் பையனிடமும் சங்கை நீட்டினார்கள்.

பாதிப் புத்தகம்தான் முடிந்திருக்கிறது. பதினைந்து பேரும் ஊர் போய்ச் சேருகிறார்களா என்று யாரும் இப்போதே சொல்லிவிடாதீர்கள். குறிப்பாக அந்த வழக்கறிஞர் வீட்டு அண்ணன்.